மாலை ஆறு மணி, நார்மல்

ஜூன் 9

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

நான் நன்றாகவே இருக்கிறேன். உன் முதுகுவலி தேவலையா? வண்டி சீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு சின்னத் தலையணை கொடுத்தனுப்பினேனே, வைத்துக்கொள்கிறாயா?

பாப்பா வந்து சேர்ந்துவிட்டாள் என்று நீ அனுப்பிய தகவல் கிடைத்தது. மொத்தமே ஒரு வரி. போன் கூடாது, வேண்டுமானால் கடிதம் எழுது என்று அவள் போட்ட கண்டிஷனுக்கு நானும் தலையாட்டிவிட்டேன். போனில் அவள் சொல்வதை நான் கேட்பதில்லையாம், அவள் குரலைத்தான் கேட்கிறேனாம். "நான் 'ம்'னு சொன்னாக்கூட அதுல என்ன இருக்குன்னு தோண்டுறம்மா" என்றாள். பதினாறு வயதுப் பேச்சைப் பார். உனக்கும் போன் செய்யக் கூடாதாம்.

இந்த இரண்டு வருடப் படிப்பு சித்தி வீட்டில்தான் என்று அவளே முடிவு செய்து, அவளே விண்ணப்பம் எழுதி, கப்பலில் இருக்கும் அப்பாவிடம் பேசிச் சம்மதமும் வாங்கிவிட்டாள். எனக்குச் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு. ஏன் என்று கேட்டேன். "அங்க ஸ்கூல் நல்லா இருக்கு" என்றாள். இங்கே என்ன குறை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்னவோ.

சில விஷயங்கள் சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதே. காலையில் எழுந்த உடனே அவளிடம் பேச்சுக் கொடுக்காதே. கதவைச் சாத்திக்கொண்டால் ஐந்து நிமிடம் விட்டு ஏதாவது சாக்கில் ஒரு தடவை தட்டு. தட்டைத் தள்ளி வைத்தால் சாப்பாடு பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, மனசு சரியில்லை என்று அர்த்தம். தலைமுடியை இடது கையால் காதுக்குப் பின்னால் ஒதுக்கினால் எதையோ மறைக்கிறாள்.

ஒரே ஒரு உதவி. காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அவள் முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வை. வாட்டம், கோபம், நார்மல், இப்படி ஒரு வார்த்தை போதும். காரணம் என்று உனக்குத் தோன்றுவதைப் பக்கத்தில் எழுது. வாரக் கடைசியில் எனக்கு அனுப்பிவிடு. தடுப்பூசிக் கிடங்கில் பதினெட்டு வருடமாக நான் செய்வது இதுதானே. ஒவ்வொரு குளிர்பெட்டியும் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று காலையும் மாலையும் பார்த்து எழுதிப் பழகிய கை. எழுதாவிட்டால் எனக்கு நிலைகொள்ளாது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அவளும் சௌக்கியம். வண்டிக்குத்தான் கிளட்ச் போய்விட்டது. என் முதுகு உன் தலையணையின் புண்ணியத்தில் ஓடுகிறது. உன் பிரஷர் மாத்திரை இந்நேரம் தீர்ந்திருக்குமே, வாங்கினாயா?

உன் சட்டதிட்டங்களைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்ள வருபவர்களுக்காக என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. அதை நான் தொட்டுக்கொண்டே இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஏழு ஜென்மத்துக்கும் ஓட்டப் போவதில்லை. இதைச் சொன்னால், பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்பாய். அதனால் சொல்லவில்லை.

சரி, கேட்டுவிட்டாயே என்று நீ சொன்னதைச் செய்தேன், ஆனால் விளையாட்டாக. ஒரு தாளில் கட்டம் போட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். "சித்தி: காலை ஏழு, கடுகடு. காரணம்: கிளட்ச்." அதற்குக் கீழே, "பெரிய மனுஷி: நார்மல்." பார்த்தால் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

தண்ணீர் எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கோபமெல்லாம் இல்லை. தாளை மெதுவாக உரித்து நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். "இது உங்க ஐடியாவா சித்தி, அம்மா சொன்னதா?" என்றாள். அம்மாதான் என்றேன். "ஏழு மணி, ஆறு மணி?" என்றாள். ஆமாம் என்றேன். உடனே சிரித்தாள் அக்கா. அந்தச் சிரிப்பை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேள். மறுநாள் சரியாக ஏழு மணிக்கு அறையிலிருந்து வந்து என் எதிரே நின்றாள். முகத்தில் ஒரு அளவான சிரிப்பு. நான் பார்த்து முடிக்கும்வரை நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். மாலை ஆறுக்கும் அப்படியே. மூன்றாம் நாள் நான் தாளைக் கிழித்து, கிழித்ததை அவளிடம் காட்டிய பிறகுதான் நின்றது.

இதெல்லாம் என்ன? எனக்குத் தெரியாமல் உங்கள் வீட்டில் என்ன நடந்தது? மறைக்காமல் எழுது.

உன் தங்கை


ஜூலை 1

அன்புத் தங்கைக்கு,

மாத்திரை வாங்கிவிட்டேன். நீ வெயிலில் அலைகிறவள், தண்ணீர் நிறையக் குடி.

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். உன்னிடம் அந்த வேலையைக் கொடுத்தது என் தப்பு. கொடுத்த பிறகு, அவளுக்குத் தெரியாமல் செய் என்று சொல்லாதது இன்னொரு தப்பு.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. அவளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து எழுதுகிறேன். அப்போது வகுப்பில் சில பிள்ளைகள் அவளை மூன்று வாரமாகப் பேச்சுக்குச் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மூன்று வாரம் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆசிரியை கூப்பிட்டுச் சொல்லித்தான் தெரிந்தது. பெட்டிக்குள் அரை டிகிரி ஏறினால் கண்டுபிடிக்கிறவளுக்கு, பெற்ற பிள்ளை வாடியது தெரியவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தேன்.

கிடங்கில் போடும் கட்டங்களேதான். தேதி, நேரம், முகம், காரணம். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் நான்தான் இருப்பேன். "நான் குரலை உயர்த்தினேன்." "நான் வர இருபது நிமிடம் தாமதம்." "நான் புதுத் துணியை நன்றாக இருக்கிறது என்று சொல்ல மறந்தேன்." அவள் மனசு எங்கே கசங்கியது என்று தெரிந்தால் மறுநாள் அதைச் சரிசெய்யலாம் அல்லவா? நிறைய நாள் சரிசெய்தும் இருக்கிறேன்.

நோட்டு அலமாரி மேல் கிடங்கின் பழைய பதிவேடுகளுக்கு அடியில் இருக்கிறது. அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நீ கட்டம் போட்ட விதம் பிடிக்காமல்தான் அப்படி நடந்துகொண்டிருப்பாள். அப்படித்தானே?

அவளிடம் எதுவும் கேட்காதே. அவள் சாப்பிடுகிறாளா என்பதை மட்டும் எழுது.

அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்கா,

சுகம்தான். உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

நீ கேட்காதே என்றாய், நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். சாயங்காலம் வகுப்பெல்லாம் முடிந்து ஷெட்டில் வண்டியை நிறுத்தின பிறகு வந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். இருவரும் கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம். முகத்தைப் பார்க்காமல் பேச அது நல்ல இடம்.

நோட்டு அவளுக்குத் தெரியும் அக்கா. பதினான்கு வயதிலேயே தெரியும். போன வருடத்துக்கு முந்தின வருடம் நவம்பரில் ஏதோ சான்றிதழ் தேடி ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறாள். ஸ்டூல் மேலேயே உட்கார்ந்து முழுக்கப் படித்திருக்கிறாள்.

"எல்லாத்துக்கும் அம்மாதான் காரணம்னு போட்டிருக்கு சித்தி. ஒரு நாள் மழைல நனைஞ்சு வந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேன். அதுக்கும் அவங்கதான் காரணமாம். குடை எடுத்துக் குடுக்கலையாம். எனக்குன்னு ஒரு கோபம், எனக்குன்னு ஒரு அழுகை எதுவுமே அதுல இல்ல. எல்லாம் அவங்களோடது."

உனக்கு எதிராகச் செய்ய வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. உன்மேல் பரிதாபப்பட்டிருக்கிறாள். "பாவம், ஒரு பக்கமாவது அவங்க பேர் இல்லாம இருக்கட்டும்னு தோணுச்சு" என்றாள். அன்றிலிருந்து ஏழு மணிக்கும் ஆறு மணிக்கும் ஒரு முகத்தைத் தயார் செய்து உன் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். மற்ற நேரத்தில் எப்படி இருந்தாள் என்று கேட்டேன். வண்டிக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

சாப்பிடுகிறாளா என்று கேட்டிருந்தாய். சாப்பிடுகிறாள். நீ சாப்பிடு.

தங்கை


ஜூலை 31

தங்கைக்கு,

நலம் விசாரிக்கக்கூடக் கை வரவில்லை, தப்பாக நினைக்காதே.

அந்த நோட்டை இறக்கிப் பார்த்தேன். நவம்பரிலிருந்து அவள் உன்னிடம் கிளம்பிய நாள் வரைக்கும் பத்தொன்பது மாதம். காலை நார்மல், மாலை நார்மல், காரணம் ஒரு கோடு. பக்கம் பக்கமாக அதே கோடு. அந்தப் பக்கங்களை எழுதும்போது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? என்னோடு வேலை பார்க்கும் மருந்தாளுநர் அம்மாவிடம், "எப்படியோ ஒரு வழியா அம்மாவா இருக்கக் கத்துக்கிட்டேன்" என்று சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன்.

எங்கள் பெட்டிகளில் ஒரு முள் இருக்கும். அது நாள் முழுக்க வட்டத்தாளில் கோடு இழுத்துக்கொண்டே போகும். யாராவது கதவைத் திறந்தால் கோடு கொஞ்சம் ஏறும், மூடினால் இறங்கும். ஒழுங்காக வேலை செய்யும் பெட்டியின் கோடு எப்போதும் நெளிந்துதான் இருக்கும். நேராக வந்தால் முள் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அந்தப் பெட்டியின் மருந்தை ஒரு குழந்தைக்கும் போடக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இது. என் வீட்டில் பத்தொன்பது மாதம் நேர்கோடு இழுத்துவிட்டு அதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அதற்கு அடியில் என்ன நடந்தது? அந்த மாதங்களில் அவளுக்கு ஏதோ நடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தாக வேண்டும். யாராவது அவளை ஏதாவது செய்தார்களா? உடம்புக்கு ஏதாவதா? கேட்டுச் சொல். காலில் விழுந்து கேட்கிறேன்.

இப்போதும் ஏழு மணிக்கும் ஆறு மணிக்கும் அவள் அறை வாசலில் போய் நிற்கிறேன். உள்ளே யாரும் இல்லை என்று தெரியும். இருந்தும் கால் அங்கேதான் போகிறது.

அக்கா


ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைக் கவனித்துக்கொள். இங்கே இருவருக்கும் நோய் நொடி இல்லை.

அவள் சொல்லிவிட்டாள். யாரும் அவளை எதுவும் செய்யவில்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை. அந்தப் பயத்தை இந்த நிமிடமே விடு. ஆனால் நடந்தது ஒன்று உண்டு. ஒரு பெரிய வருத்தத்தை அந்தப் பிள்ளை ஒன்றரை வருடமாகத் தனியாகச் சுமந்திருக்கிறாள். கேட்டுவிட்டு நானே அன்றைக்கு வகுப்பு எடுக்கவில்லை.

என்ன என்று சொல்ல மாட்டேன். சத்தியம் வாங்கிக்கொண்டாள். உனக்கு எழுத வேண்டும் என்று அவளுக்கே தோன்றினால் எழுதுவாள். கிளம்பி வராதே. நீ வந்து நின்றால் அவள் மறுபடியும் அந்த ஆறு மணி முகத்தைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வாள். இங்கே இப்போதுதான் எரிந்து விழுகிறாள், கதவை அறைகிறாள், போன வாரம் என் சமையலைப் பற்றி வாயில் வந்ததைச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

தங்கை


செப்டம்பர் 3

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும்.

வரவில்லை. பையில் துணி எடுத்து வைத்தேன், பிறகு திரும்ப அலமாரியில் அடுக்கினேன். ஆனால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. நீ வாயால் சொல்ல வேண்டாம், நான் எழுதுகிறேன், சரியாக இருந்தால் ஆமாம் என்று மட்டும் போடு.

அவள் அப்பா அந்த வருடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தார், அதுவா? அவர் வராததற்கு நான் போனில் போட்ட சண்டையை அவள் கேட்டிருப்பாளோ? பாட்டு கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள், பிறகு பார்க்கலாம் என்றேன், அதுவா?

இல்லாவிட்டால் அந்தக் கொக்கு விஷயமா? உனக்குத் தெரியாது, அவளுடைய சின்ன வயசுத் தோழி. நெடுநெடு என்று வளர்ந்து நிற்பாள், அதனால் பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் கொக்குதான். பிறகு வேறு பள்ளிக்கு மாறினாள், அப்படியும் சைக்கிள் மிதித்து வருவாள். இப்போதெல்லாம் வருவதே இல்லை. இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒருவேளை நான் ஏதாவது சொல்லி அந்தப் பெண் மனசு நொந்திருக்குமோ? அவள் வீடு பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ. விசாரித்துக்கொண்டு போய் நானே சமாதானம் பேசி, ஒரு நாள் அங்கே உன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வரட்டுமா? பாப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பதில் எழுது.

அக்கா


செப்டம்பர் 6

அக்கா,

எங்கும் போகாதே. யாரையும் விசாரிக்காதே. அந்தப் பெண் வீட்டுப் பக்கமே போகாதே. இனிமேல் ஊகம் எதுவும் எழுதாதே. உன் உடம்பைப் பார்த்துக்கொண்டு காத்திரு. வேறு எதையும் நான் எழுத முடியாது.

தங்கை


அக்டோபர் 12

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். எழுதாவிட்டால் பஸ் ஏறிவிடுவாய். அதனால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பள்ளிக்கூடம் போகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நீ மாத்திரை போட்டுக்கொள்.

கொக்கு செத்துப்போய்விட்டாள். போன வருடம் மார்ச்சில்.

கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் நம் வீட்டுக்கு வந்தாள். நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே அவள்தான் என்று தெரிந்துவிட்டது. நீ போய்க் கதவைத் திறந்து, "நாளைக்குக் கணக்குப் பரீட்சைம்மா, முடியட்டும், அப்புறமா வா" என்று சொன்னாய். அது எனக்குக் கேட்டது. அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து வந்திருக்கலாம். வந்தால், என் கவனம் கலைந்ததற்கு நீதான் காரணம் என்று நினைத்து ராத்திரி முழுக்க முகம் வாடிக் கிடப்பாய். அதனால் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல். மூளைக்காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள். எட்டாவது நாள் போய்விட்டாள். கடைசிப் பரீட்சை எழுதி வெளியே வரும்போது அவள் தெருப் பெண் சொன்னாள். உன்னிடம் போனில் லைப்ரரி போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. லைப்ரரி குழாயில் முகம் கழுவிக்கொண்டு ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வீட்டுக்கு வந்தேன். நீ என்னைப் பார்த்தாய். நான் நின்றேன். "நல்லா எழுதினியா?" என்றாய். எழுதினேன் என்றேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீ அழுவாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னால் இல்லம்மா, உன்னால் இல்லம்மா என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவளுக்காக அழ எனக்கு நேரமே இருக்காது.

உன்னால் அவள் சாகவில்லை, காய்ச்சலால் செத்தாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நீ அவளைத் திருப்பி அனுப்பினாய், நான் எழுந்து வரவில்லை. அதுவும் நடந்ததுதான். நான் எழுந்து வராததையும் சேர்த்து உன் பேரில் எழுதிக்கொள்ளாதே. அது என்னுடையது. என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதாதே. அவள் வீட்டில் போய் நிற்காதே, அவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். ஒன்றரை வருடமாக உன்னிடம் கேட்க நினைத்து, கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று கேட்காமலே இருந்தது. அன்றைக்கு அவளைப் பார்த்தது நீதான். கதவுக்கிட்ட நின்று என்ன சொன்னாள்? எதற்கு வந்தாள்? அவள் முகம் எப்படி இருந்தது? அப்போதே உடம்பு சரியில்லாத மாதிரி இருந்தாளா, நான் வராததில் கோபமா, சிரித்துக்கொண்டு போனாளா? உனக்கு என்ன தெரியுமோ அதை எழுது.


அக்டோபர் 20

அன்புத் தங்கைக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் வேலைக்குப் போய் வருகிறேன்.

பாப்பா கடிதம் வந்தது. உனக்கு எல்லாம் தெரியும் என்பதால் திரும்ப எழுதவில்லை.

அவளுக்கு நான்கு கடிதம் எழுதினேன். ஒன்றில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "பரவால்ல ஆன்ட்டி, நல்லா எழுதச் சொல்லுங்க" என்றாள். இன்னொன்றில், சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிட்டு மணி அடித்துக்கொண்டே போனாள். எழுதும்போது குரல் எனக்கே கேட்டது, நானே நம்பிவிட்டேன். படித்தால் பாப்பா கொஞ்சமாவது ஆறுவாள். ஒன்றைத் தபாலில் போட்டுவிடட்டுமா? பதினாறு வயதுப் பிள்ளை இன்னும் எத்தனை வருடம் இதோடு வாழ வேண்டும், யோசித்துப் பார்.

சாயங்காலத்தில் தெருவில் யாராவது சைக்கிள் ஸ்டாண்டு போட்டால் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன். பக்கத்து வீட்டுக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து, "உங்களுக்கு இல்லைங்க" என்கிறார்கள்.

அக்கா


அக்டோபர் 27

அக்கா,

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். பிறகுதான் செருப்பைக் கழற்றுகிறாள்.

அந்த நாலில் எதையும் போடாதே. உனக்கு நல்ல முகம் காட்டி அவள் உன்னை ஆற்றினாள், இப்போது நல்ல கதை சொல்லி நீ அவளை ஆற்றப் பார்க்கிறாய். உனக்கு உண்மையில் நினைவிருப்பது என்ன? அதை எழுது. ஒன்றுமே இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்று எழுது. அவள் தாங்குவாள். ஒன்றரை வருடம் தனியாகத் தாங்கியவள்தானே.

சாப்பிடு, தூங்கு.

தங்கை


நவம்பர் 16

என் மகளுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ தபால் பெட்டியைப் பார்ப்பது தெரியும். நினைவு வந்துவிடும் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஏதோ சொன்னாள். மோட்டார் சத்தத்தில் எனக்கும் கேட்கவில்லை, என்னம்மா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. முகம் எப்படி இருந்தது என்றும் தெரியாது. நான் அவளைப் பார்க்கவில்லை. கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பேச்சு அவளோடும் கண் உன் அறையிலுமாக நின்றேன். நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வைக்கவில்லை. அது எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. உன் பின்கழுத்து, மேஜை விளக்கு, நீ பக்கத்தைத் திருப்பியது, எல்லாம் நினைவிருக்கிறது.

உன்னை ஆற்றுவதற்காக நாலு விதமாகக் கற்பனை செய்து எழுதினேன். நாலையும் கிழித்துவிட்டேன். அவை எதுவும் நடக்கவில்லை.

நடந்தது என்று எனக்குத் தெரிவது ஒன்றே ஒன்று. அதை உன்னிடம் சொல்லவே கூடாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். சித்திதான் மறைக்க வேண்டாம், எழுது என்றாள். நீ கேட்டது அதைத்தான் என்பதால் எழுதுகிறேன்.

நான் கதவைத் திறந்தபோது அவள் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள். வழக்கம்போல் நேரே உள்ளே வரப் போகிறோம் என்று நினைத்திருக்கிறாள். நான் பேச ஆரம்பித்ததும் கீழே பார்க்காமல் காலாலேயே அதைத் தேடினாள். அது புரண்டு கிடந்ததால் மாட்ட வரவில்லை. மறுபடியும் தேடினாள். நான் குனிந்து எடுத்துக் கொடுக்கவில்லை, உள்ளே வாம்மா என்றும் சொல்லவில்லை. அவள் மாட்டி முடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா